கடைசி பஸ் அணியும் உயர்மட்டக் குழுவும்

பனிமலை எல்லையில் துப்பாக்கியோடு காவல் நின்ற காலத்தில் வேல்பாண்டிக்குப் பயம் வந்ததில்லை. மேசைமேல் இருக்கும் இன்டர்காம் அடித்தால்தான் வந்தது. அந்த மணி ஒலிக்கும்போதெல்லாம் அவருடைய அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிடித்துப் பிழிவதுபோல் இருக்கும்.

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கும் சங்கையா நினைவுப் பொறியியல் கல்லூரியில் விளையாட்டுப் பொறுப்பாளராகச் சேர்ந்திருந்தார். வேலை உறுதியாகவில்லை. "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். சேர்ந்த வருஷமும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கல்லூரியில் அவருக்கென்று நிரந்தரமாக இருந்தது அந்தப் பரிசீலனை ஒன்றுதான்.

ஆடி மாதக் காற்று மைதானத்துப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் இன்டர்காம் அடித்தது. தாளாளர் அம்மா கூப்பிடுகிறார்.

தாளாளர் பரிபூரணம் அம்மாள், கல்லூரியை நிறுவிய சங்கையாவின் மருமகள். அவர் நாற்காலிக்குப் பின்னால் நிறுவனர் வெண்தாடியோடு பெரிய எண்ணெய் ஓவியமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். முதல்வர் டாக்டர் சூர்யபிரகாஷ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"வேல்பாண்டி, இந்தப் படத்தப் பாருங்க" என்று தாளாளர் தன் போனை நீட்டினார். விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ். "அந்தக் காலேஜ் பிள்ளைக போன்ல விளையாடிக் கோப்பை வாங்கியிருக்காக. நம்ம பிள்ளைக போன்ல விளையாடினா நாம என்ன செய்வோம்?"

"பிடுங்கி வச்சுக்கிடுவோம்மா. ஃபைன் போடுவோம்."

"அவுக கோப்பை வாங்கிட்டாக."

தாளாளர் போனை மேசைமேல் வைத்தார்.

"நமக்கும் அந்தக் கோப்பை வேணும். எப்ப ஜெயிப்போம்?"

"தேதிய மட்டும் நீங்க சொல்லிட்டீங்கன்னா மத்த ஏற்பாட்டையெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்மா" என்றார் முதல்வர்.

அன்று மாலைக்குள் 'மின்விளையாட்டு மேம்பாட்டு உயர்மட்டக் குழு' உருவாகிவிட்டது. துறைத் தலைவர்கள் அத்தனை பேரும் உறுப்பினர்கள். நூலகர், விடுதிக் காப்பாளர், பேருந்துப் பிரிவு மேலாளர் ஆகியோரும் உறுப்பினர்கள். அந்த விளையாட்டை விளையாடிய எவரும் குழுவில் இல்லை. விளையாடத் தெரிந்தவர்கள் இருந்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்று முதல்வர் விளக்கினார். வேல்பாண்டி ஒருங்கிணைப்பாளர். "வெற்றி கூட்டுப் பொறுப்பு. தோல்வி ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. இது எல்லா நிறுவனத்திலும் உள்ள நடைமுறைதான், பயப்படாதீங்க" என்று முதல்வர் தட்டிக்கொடுத்தார். வேல்பாண்டி அதுவரை பயந்ததைவிட அதிகமாகப் பயந்தார்.

விளையாட்டின் பெயர் 'கோட்டைக் களம்'. கல்லூரியில் அதைத் திருட்டுத்தனமாக விளையாடிப் பிடிபட்டவர்களில் அதிகத் தடவை பிடிபட்ட ஐந்து பேரை அணியாகச் சேர்த்தார்கள். தலைவி யுவராணி, கணினித் துறை மூன்றாம் ஆண்டு. மம்சாபுரத்துப் பெண். வேல்பாண்டியின் மனைவி மாரிக்கனிக்கு ஒன்றுவிட்ட அக்கா மகள். இந்த உறவு கல்லூரிக்குத் தெரியாது. தெரிந்தால் சொந்தக்காரிக்குச் சலுகை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, வளாகத்துக்குள் அவளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளும் வீட்டில் "சித்தப்பா", கல்லூரியில் "சார்" என்று தெளிவாக வைத்திருந்தாள்.

குழுவின் முதல் கூட்டத்தில் யுவராணி விளக்கினாள்.

"ஒரு அணிக்கு அஞ்சு பேர் சார். ஆளுக்கு ஒரு பாத்திரம். சிவபாண்டி 'டோர்க்' எடுப்பான். டோர்க் முன்னால நின்னு அடி வாங்குவான். நான் 'மிரா'. மிரா யாரையும் அடிக்க மாட்டா, அடிபட்டவுகளுக்கு உசிரக் குடுப்பா. எதிரணி யார எடுக்காகன்னு பாத்துட்டுத்தான் நாம யார எடுக்கணும்னு முடிவு செய்யணும். அதுக்கெல்லாம் கைடு இருக்கு சார்."

கைடு என்ற சொல்லைக் கேட்டதும் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை அவள் பேசியதில் அவர்களுக்குப் புரிந்த முதல் சொல் அது.

"எந்தப் பதிப்பகம்?" என்று நூலகர் கேட்டார்.

"பதிப்பகம் இல்ல சார், வீடியோ. மிராவுக்கு ஒரு அண்ணன் நல்லாச் சொல்லுவாக. எந்த நேரத்துல யாரக் காப்பாத்தணும், யார விட்டுரணும், எல்லாம்."

"அந்த அண்ணன் பேரு?"

"பேரு தெரியாது சார். சேனலுக்கு டார்க் முயல்னு வச்சிருக்காக."

"முனைவர் பட்டம் உண்டா?" என்று முதல்வர் கேட்டார்.

யுவராணி உதட்டைக் கடித்துக்கொண்டு வேல்பாண்டியைப் பார்த்தாள். வேல்பாண்டி கூரையைப் பார்த்தார்.

பட்டம் இல்லாத முயல் நிராகரிக்கப்பட்டது. கல்லூரியே ஒரு கைடு வெளியிடுவது என்று முடிவாயிற்று. பிறகு பாத்திரங்களின் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். அடிபடுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது தோல்வி மனப்பான்மை என்பதால் மிரா நீக்கப்பட்டாள். "நாம என்ன ஆஸ்பத்திரியா நடத்துதோம்?" என்றார் விடுதிக் காப்பாளர். டோர்க்கின் பல்வரிசை கல்லூரியின் நன்மதிப்புக்கு ஏற்றதாக இல்லை. இப்படி ஒவ்வொருவராகக் கழிந்துகொண்டே வருகையில் திரையில் வெண்தாடிக் கிழவன் ஒருவன் தடியோடு வந்து நின்றான். பெயர் க்ரோவர். நடை மெதுவானவன், நடுவில் கொஞ்ச நேரம் கல்லாகச் சமைந்துவிடுவான், கெட்டிக்காரர்கள் யாரும் அவனை எடுப்பதில்லை.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "மாமா மாதிரியே இருக்காக."

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஐந்து பேரும் க்ரோவரையே எடுக்க வேண்டும் என்று முதல்வர் முன்மொழிந்தார். ஓர் அணியில் ஒரு க்ரோவருக்குத்தான் விளையாட்டில் இடமுண்டு என்று யுவராணி சொன்னாள். விளையாட்டை உருவாக்கியவர்களிடம் விதிவிலக்குக் கேட்கலாம் என்றார் பேருந்துப் பிரிவு மேலாளர். கடைசியில் ஒரு க்ரோவர் போதும், ஆனால் அவர் பின்னால் கோட்டைக்குள் பத்திரமாக நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று.

"எந்தக் காரணத்தக் கொண்டும் க்ரோவர் சாகக் கூடாது. நிறுவனர் ரெண்டாவது தடவை காலமாகுறத இந்த நிர்வாகம் அனுமதிக்காது" என்று முதல்வர் மேசையைத் தட்டிச் சொன்னார். மீதி நால்வருக்கும் பாத்திரங்கள் பருவத் தேர்வு மதிப்பெண் வரிசைப்படி ஒதுக்கப்பட்டன.

கைடும் வந்தது. வழவழத்தாள், வண்ண அட்டை. தாளாளரின் ஆசியுரை, முதல்வரின் அணிந்துரை, துறைத் தலைவர்களின் வாழ்த்துரைகள், குழு உறுப்பினர்களின் புகைப்படங்கள், நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் போக, கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் 'எதிரியைக் கண்டால் துணிந்து தாக்குக' என்று ஒரு வரி இருந்தது.

பயிற்சி அடுத்த வாரம் தொடங்கியது. அதில் ஒரு சிக்கல். கல்லூரி வளாகத்துக்குள் போன் கூடாது. அது நிறுவனர் காலத்து விதி என்றார் முதல்வர். நிறுவனர் காலத்தில் போன் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கும் தைரியம் வேல்பாண்டிக்கு இல்லை. போன்கள் வாசல் காவலரின் இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டன. மைதானத்தில் ஐந்து பேரும் டை கட்டிக்கொண்டு, போன் அளவுக்கு வெட்டிய அட்டைகளைக் கையில் பிடித்து வரிசையாக நின்றார்கள்.

"இடது கட்டைவிரல், மேலே!" என்று வேல்பாண்டி ராணுவக் குரலில் கத்துவார். ஐந்து கட்டைவிரல்கள் மேலே போகும். "வலது கட்டைவிரல், அமுக்கு!" அமுக்குவார்கள். கபடி ஆட வந்த பையன்கள் கோட்டுக்கு வெளியே நின்று இதைப் பார்த்தார்கள். அவர்களால் சிரிக்கக்கூட முடியவில்லை.

முதல்வர் வந்து பார்வையிட்டார். "விரல்ல ஒழுங்கு தெரியுது. ஆனா முகத்துல வெற்றி தெரியலையே?" என்றார்.

அப்போதுதான் யுவராணி கேட்டாள். "சார், போன் எப்பத் தருவீக? செத்த நேரமாவது நெசமா விளையாடிப் பாக்கணும்லா?"

மறுநாள் குழு அவசரமாகக் கூடி, அவள் குழுவின்மேல் நம்பிக்கையில்லாமல் பேசியதாகக் கண்டறிந்து அணியிலிருந்து நீக்கியது. சிவபாண்டி "அவ கேட்டதுல என்ன சார் தப்பு?" என்றான். அவனும் போனான். வத்திராயிருப்பிலிருந்து வரும் மற்ற மூவரும் ஒன்றுமே பேசவில்லை. கூட்டு மௌனம் என்று அவர்களையும் நீக்கினார்கள். இனி இவர்கள் எங்காவது அந்த விளையாட்டை விளையாடுவது தெரிந்தால் கல்லூரியை விட்டே அனுப்பப்படுவார்கள் என்று முதல்வர் வகுப்பு வகுப்பாகப் போய் அறிவித்தார். "கல்லூரிக்குத் தெரியாமல் திறமை காட்டுவது ஒழுங்கீனம்" என்பது அவர் சொன்ன வாசகம். துறைவாரியாக முதல் மதிப்பெண் எடுத்த ஐந்து பேர் புது அணியானார்கள். அவர்களில் ஒருவனும் அந்த விளையாட்டைத் தொட்டதில்லை. கைடை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். முதல் மதிப்பெண்காரர்கள் ஆயிற்றே, வாழ்த்துரைகளோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

வேல்பாண்டிக்கு வேலை தப்பியதே போதும் என்றிருந்தது. அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டிறங்கி, கோயிலை ஒட்டிய மடவார் வளாகத்துக்கு நடந்து வந்து, தன் வீட்டுப் படியில் கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். வாசலில் ஐந்து ஜோடிச் செருப்புகள்.

மாடி அறையிலிருந்து யுவராணியின் குரல் கேட்டது. "ஏலே சிவபாண்டி, முன்னால போ, நான் இருக்கேன்லா!"

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் மாரிக்கனி, அவர் கேட்பதற்கு முன்பே. "பிள்ள வந்து அழுதா. மாவட்டப் போட்டிக்கு யாரு வேணும்னாலும் பேரு குடுக்கலாமாம், காலேஜ் தேவையில்லையாம். நம்ம வீட்ல நெட்டு சும்மாத்தான கெடக்கு?"

"ஏட்டி, தெரிஞ்சா அஞ்சு பேரையும் வெளிய அனுப்பிருவாக. என்னையும் அனுப்பிருவாக."

"தெரிஞ்சாத்தான?"

அவர் மாடிக்கு ஓடினார். ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். யுவராணி தலை நிமிராமல், "வேர்க்குது சித்தப்பா" என்றாள். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அதையும் சாத்தினார். "போயிருங்க பிள்ளைகளா" என்று சொல்லத்தான் வந்தார். அட்டையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் பொம்மைகளாக நின்ற அதே ஐந்து முகங்கள்தான். ஆனால் அவர்கள் கண்ணில் இப்போது ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கபடிக் கோட்டைத் தாண்டிப் போகிறவன் கண்ணில் அதை அவர் பார்த்திருக்கிறார். "சத்தமில்லாம விளையாடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும்போதே ஏன் அப்படிச் சொன்னோம் என்று பயம் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் கல்லூரியில் முதல் மதிப்பெண்காரர்களுக்கு அட்டைப் பயிற்சி, மாலையில் வீட்டு வாசலில் காவல். வத்திராயிருப்புக்குக் கடைசி பஸ் புறப்படும் வரை அவர்கள் விளையாடுவார்கள். அதனால் தங்கள் அணிக்குக் 'கடைசி பஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டார்க் முயல் சொல்லச் சொல்லக் கேட்டு, எந்தப் பாத்திரத்துக்கு எதிரே எதை எடுப்பது என்று விடாமல் சண்டை போட்டார்கள்.

பிரதோஷத்தன்று நூலகர் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு வந்துவிட்டு, விபூதிப் பட்டையோடு அந்தத் தெரு வழியாகத் திரும்பினார். வேல்பாண்டியைப் பார்த்து நின்றுவிட்டார். மாடியிலிருந்து, "கொல்லுலே! விடாத, அவனக் கொல்லு!" என்று சத்தம் வந்தது.

"சீரியல் சார்" என்றார் வேல்பாண்டி.

"எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்று பெருமூச்சு விட்டபடி நூலகர் போனார். அவர் தெருமுனையில் திரும்பும் வரை வேல்பாண்டி வாசலை விட்டு நகரவில்லை.

மாவட்டப் போட்டி நாளில் கல்லூரிக் கலையரங்கம் மாவிலைத் தோரணத்தோடு நின்றது. அணிகள் அவரவர் இடத்திலிருந்தே நெட் வழியாக ஆடும் போட்டி அது. மேடையில் முதல் மதிப்பெண்காரர்கள் ஐந்து பேர், கழுத்தில் மாலை, கையில் அன்றைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட போன். பின்னால் பெரிய திரை. ஏமாற்று நடக்காமல் இருக்க இரண்டு அணிகளும் தங்களுக்குள் பேசுவது எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பது போட்டி விதி. அதனால் அரங்கின் ஒலிபெருக்கிகளையே அதற்கு இணைத்திருந்தார்கள். எதிரணி யாரென்று கடைசி நேரத்தில்தான் திரையில் வந்தது.

கடைசி பஸ்.

வேல்பாண்டி நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டார். "என்ன பேரு இது, அனாதை மாதிரி?" என்று முதல்வர் சிரித்தார். குழு முழுவதும் சிரித்தது. வேல்பாண்டியும் சிரித்தார். பல் மட்டும் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. தாளாளரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒருவன், "எதிரியைக் கண்டால் துணிந்து தாக்குக" என்று ஒப்பித்துவிட்டு நேராகப் போய்ச் செத்தான். அடுத்தவனும் அதையே ஒப்பித்தான். எதிரணியிலிருந்து தணிந்த குரலில் "ம்", "வா", "இப்ப" என்று மட்டும் வந்தது. யுவராணிதான் அப்படிப் பேசச் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் குரலை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அவர் பயந்தார்.

திடீரென்று ஒலிபெருக்கியில் கோயில் மணி கேட்டது. மேளம் கேட்டது.

"கோயில் பக்கத்துல உக்காந்திருக்காங்க போல" என்றார் முதல்வர்.

நூலகர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இந்த மேளம் நம்ம மடவார் வளாகத்து மேளம் மாதிரில்லா இருக்கு?"

வேல்பாண்டி மனதுக்குள் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டு, ஐயா, செத்த நேரம் மணியை நிறுத்தச் சொல்லு என்று வேண்டிக்கொண்டார். மணி நின்றது. அப்பாடா என்று முதுகைச் சாய்த்தார். அந்த அமைதியில், ஆயிரம் பேர் உட்காரும் கலையரங்கத்தின் எட்டு மூலையிலிருந்தும் மாரிக்கனியின் குரல் வந்தது.

"ஏட்டி யுவராணி, காப்பி ஆறிப்போச்சு, குடிச்சிட்டு வெளாடு. ஒங்க சித்தப்பா அங்க அந்த அம்மாகிட்ட என்ன பாடு படுதாரோ, பாவம்!"

அரங்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். முதல்வர் எழுந்தார். "யுவராணியா? நம்ம யுவராணியா? யாரந்த சித்தப்பா?"

பேசாமல் இருந்தால் வேல்பாண்டி தப்பிக்கலாம். பிள்ளைகள் தப்பிக்க முடியாது. பெயர் வெளியே வந்துவிட்டது. நாளைக்கே ஐந்து பேரையும் அனுப்பிவிடுவார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தான்மா. அது என் வீடு. இப்பப் பேசுனது என் பெஞ்சாதி. பிள்ளைக மேல தப்பில்ல. நான்தான் எடங்குடுத்தேன்."

தாளாளர் அவரையே பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அங்கே கோட்டைக் கதவு உடைந்து, வெண்தாடி க்ரோவரைச் சுற்றி ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்ப மாமாவ அடிக்கது நம்ம பிள்ளைகளா?" என்று தாளாளர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்மா."

க்ரோவர் விழுந்தார். திரையில் வெற்றி கடைசி பஸ்ஸுக்கு என்று எழுத்துகள் மின்னின. கைதட்டலாமா, எழுந்து மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று தெரியாமல் குழு பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தது. வேல்பாண்டி, பஸ் ஸ்டாண்டில் பூட்டிக் கிடக்கும் டீக்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தால் பிழைக்க முடியுமா என்று யோசித்தார்.

முதல்வர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் முகத்தில் நொடிக்கு நொடி நிறம் மாறி, கடைசியில் ஒரு புன்னகையில் வந்து நின்றது.

"பெரியோர்களே! இன்று மோதிய இரண்டு அணிகளும் நம்முடையவையே! எதிரணியே இல்லாமல் செய்துவிட்டால் தோல்வி எங்கிருந்து வரும்? நமது தாளாளர் அம்மாவின் தொலைநோக்கில் பிறந்த திட்டம் இது. ஐந்து மாணவர்களை நாம் நீக்கியதுபோல் நீக்கினோம். பிரமாதமாக நீக்கினோம்! நம்மால் நீக்கப்படாமல் இருந்திருந்தால் அவர்கள் இந்த அளவுக்கு முன்னேறியிருக்க முடியுமா? எனவே இந்த வெற்றிக்கு முழுக் காரணம் நமது நீக்கம்தான்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. மறுநாள் வாசலில் ஃபிளெக்ஸ் ஏறியது. அதில் குழு உறுப்பினர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஐந்து பிள்ளைகளும் மூலையில் ஒரே வட்டத்துக்குள் தலை மட்டும் தெரிய இருந்தார்கள்.

வேல்பாண்டிக்கு வேலை போகவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. மாநிலச் சுற்றுக்கு உயர்மட்டக் குழு நேரில் வந்து வழிநடத்தும் என்று தாளாளர் அறிவித்தார். வேல்பாண்டியின் வீட்டிலேயே.

மாநிலச் சுற்று நாள் மாலையில் கல்லூரிப் பேருந்து மடவார் வளாகத்துத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. குத்துவிளக்கு, ஒலிபெருக்கி, பொன்னாடைகள், நிறுவனர் படம், திருத்திய கைடு எல்லாம் இறங்கின. முதல்வர் மாடிப்படியில் கால் வைத்துக்கொண்டே, "அந்த மிரா வேண்டாம். இன்னைக்கு எல்லாருக்கும் தெரியற மாதிரி க்ரோவர முன்னால நிறுத்துவோம். நான் பக்கத்துல நின்னு ஒவ்வொரு விரலுக்கும் உத்தரவு குடுக்கேன்" என்றார். அவருக்குப் பின்னால் குழு வரிசையாக நின்றது.

மேலே ஆட்டம் தொடங்க இருந்தது. யுவராணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. நெய்வேலியோ கோவையோ, எதிரணியில் யாரோ ஐந்து பேர் எங்கோ காத்திருந்தார்கள். இத்தனை நாள் உழைப்பு இனி ஒரு நிமிஷத்தில் முதல்வரின் விரலுக்குப் போய்விடும்.

வேல்பாண்டி படியில் குறுக்கே ஏறி நின்றார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"ஐயா... துவக்க விழா இல்லாமயா?"

முதல்வர் அப்படியே நின்றார். முகத்தில் உண்மையான அதிர்ச்சி. "அட! எப்படி மறந்தேன்?"

"கீழ எல்லாம் தயாரா இருக்குய்யா. விளக்கேத்தி, அம்மா பேசித் துவக்கி வச்ச பொறவு மேல போயிருவோம். அதுக்கு முன்னாடி பிள்ளைக எப்படிய்யா தொடங்கும்?"

கீழே ஒன்றுமே தயாராக இல்லை. மாரிக்கனி அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். உடனே பாயை விரித்து, திரியைத் திரிக்க உட்கார்ந்தாள். அந்தத் திரி வெகுநேரம் திரிந்தது. விளக்கேற்றினார்கள். வேல்பாண்டியே நிகழ்ச்சியைத் தொகுத்தார்.

நூலகர் வரவேற்றார். விடுதிக் காப்பாளர் வாழ்த்தினார். பேருந்துப் பிரிவு மேலாளர், வளைவுகளில் நிதானம் என்பது பற்றிப் பேசினார். துறைத் தலைவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு முன்பு பேசியவரைவிடக் குறைவாகப் பேசினால் துறைக்கு இழுக்கு என்று நினைத்தார்கள். நல்லவேளை. நடுவே மாடியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. வேல்பாண்டி உடனே "கைதட்டுங்க, கைதட்டுங்க" என்று தூண்டிவிட்டார். மாரிக்கனி ஆளுக்கொரு தட்டில் சீரணி மிட்டாயும் காரச்சேவும் கொண்டுவந்து வைத்தாள். பேச்சாளர்கள் தெம்பானார்கள்.

முதல்வர் நெடுநேரம் பேசினார். "திறமை எங்கிருந்தாலும் அதைக் கண்டுபிடித்து நமது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதே கல்வி" என்றார். கடைசியாகத் தாளாளர் எழுந்தார். அவர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் சுருக்கமாகப் பேசினார். "இத்துடன்..." என்று ஆரம்பித்தபோது வேல்பாண்டி மாடியைப் பார்த்தார். மேலே இன்னும் முடிந்தபாடில்லை. கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, மன்னிக்கணும். நிறுவனர் அய்யா சைக்கிள்ல வந்து கல்லூரிக்கு எடம் பாத்த கதைய பிள்ளைக கேட்டதே இல்லம்மா."

தாளாளரின் கண் கலங்கியது. உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து சொன்னார். சைக்கிள் ராஜபாளையத்தை விட்டுப் புறப்படவே நேரம் பிடித்தது.

அது வந்து சேரும்போது யுவராணி மாடிப்படியில் நின்றிருந்தாள். பின்னால் சிவபாண்டி, மற்ற மூவர். தலை கலைந்து, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"சரி, துவங்கியாச்சு. போட்டிய ஆரம்பிக்கலாமா?" என்றார் தாளாளர்.

"ஜெயிச்சுட்டோம் சித்தப்பா" என்றாள் யுவராணி.

யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் முதல்வர் துள்ளி எழுந்தார். "துவக்கி வைக்காத போட்டில எப்படி ஜெயிக்க முடியும்? நாங்க யாருமே மேல வரலியே!"

"அதான்யா ஜெயிச்சுதுக" என்றார் வேல்பாண்டி.

வாயிலிருந்து வந்தபிறகுதான் அதை அவரே கேட்டார். இருந்தாலும் அதை மாற்றிச் சொல்லவில்லை. தாளாளர் காரச்சேவுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வேல்பாண்டி, நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார். குழு விளக்கையும் படத்தையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போயிற்று.

மறுநாள் அவர் வேலையை உறுதிப்படுத்திவிட்டார்கள், ஆனால் விளையாட்டை விட்டுப் பேருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது மறுநாள் நடந்தது. அன்று சாயங்காலம் அவருக்கு அது தெரியாது. பேருந்து தெருவைவிட்டுப் போகும் வரை வாசலில் கைகட்டி நின்றார். பிறகு படியேறி மாடிக்குப் போய், பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, அந்த மிரான்னு சொன்னியே, அவ எங்கருக்கா? காட்டு."

யுவராணி ஆட்டத்தை முதலிலிருந்து ஓடவிட்டுப் போனை அவர் கையில் கொடுத்தாள். பயிற்சியாளர் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.